பௌர்ணமிக்கு மறுநாள்

பச்சையம்மாள் ஃபீஸ் பணத்தைக் கையில் கொடுக்க மாட்டாள். மேசையில் அடுக்குவாள். முதலில் என் கண்ணாடிக் கூடு, மைப் புட்டி, பேனா எல்லாவற்றையும் ஓரமாக நகர்த்தச் சொல்வாள். பிறகு இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை அவிழ்த்து, எட்டணாக்களைப் பத்துப் பத்தாகவும் நாலணாக்களை இருபது இருபதாகவும் நிறுத்துவாள். ஒரு அடுக்கு ஐந்து ரூபாய். மாதம் நான்கு அடுக்கு. அவள் முடிக்கும்வரை நான் தொடக்கூடாது. தொட்டால், "இருங்க சார், கலஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எல்லாம் முடிந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் விரிப்பாள். தேதியும் தொகையும் அவளே எழுதியிருப்பாள். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுக்குகள் என் பக்கம் நகரும்.

என்னிடம் அச்சடித்த ரசீதுப் புத்தகம் இருக்கிறது, நம்பர் போட்டது, கார்பன் வைத்து எழுதுவது. முதல் மாதம் அதை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க புக்கு சார். இது என் புக்கு" என்று நோட்டையே நீட்டினாள்.

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் பதினெட்டு வருஷமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். தமிழ் மிஷின் நான்கு, இங்கிலீஷ் இரண்டு. என் பெயர் சக்கரபாணி. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. அது இங்கே வேண்டாம். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். ரிப்பன் மாற்றினால் பழைய ரிப்பனை என் கண் முன்னால் குப்பையில் போடச் சொல்வேன். பேப்பர்க் கட்டை வாங்கியதும் எண்ணுவேன். என் மனைவி கொடுக்கும் மளிகைச் சீட்டையே ஒரு முறை கூட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னிடம், என்னையே தூக்கிச் சாப்பிடுகிற ஒருத்தி வந்து சேர்ந்தது எனக்கு நேர்ந்த சோதனை.

எண்பத்தேழு நவம்பரில் சேர்ந்தாள். ஊர் அடி அண்ணாமலை. மலைக்குப் பின்பக்கம். அங்கிருந்து நடந்தே வருவாள், நடந்தே போவாள். அப்போது வயது இருபத்தெட்டு. பத்தாவதைப் பிரைவேட்டாக மூன்று தவணையில் எழுதி முடித்தவள். பகலில் ஒரு மல்லாட்டை மில்லில் வேலை. மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வேர்க்கடலையை. ஓடு உடைத்த பருப்பில் சொத்தை பொறுக்க வேண்டும். படிக் கணக்கில் கூலி. நான்கரை மணிக்குக் கை கழுவிக்கொண்டு கிளம்பினால் ஐந்து மணி பேட்ச்சுக்குச் சரியாக வந்துவிடுவாள். அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் எப்போதும் இரண்டு மூன்று சிவப்புத் தொலி ஒட்டிக்கொண்டிருக்கும்.

மிஷினில் உட்காருவதற்கு முன் ரிப்பனை விரலால் இழுத்துப் பார்ப்பாள். "நாலு மணி ஆளு சாயத்த பூரா தீத்துட்டுப் போயிருப்பான் சார்." சுவரில் இருக்கும் என் கடிகாரத்தை ஒரு நாளும் நம்பியதில்லை. அது ஐந்து நிமிஷம் முந்தி ஓடுவது உண்மைதான். நான்தான் அப்படி வைத்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்தில் அடுத்த பேட்ச் உட்கார்ந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. பச்சையம்மாள் இரண்டாவது நாளே கண்டுபிடித்தாள். "முனிசிபாலிட்டி சங்கு ஊதட்டும் சார், எழுந்துக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் ஆறு மணி என்பது சங்கு ஊதினால்தான்.

மழை நாளில் எல்லோருக்கும் டீ சொல்வேன். அவள் மட்டும் தொடமாட்டாள்.

"சும்மாதாம்மா, குடி."

"சும்மான்னு ஒண்ணு இருக்குதா சார்?"

இத்தனைக்கும் அது ஆவி பறக்கச் சூடாக இருக்கும் நல்ல டீ. அவள் அதைப் பார்க்கவும் மாட்டாள். பையிலிருந்து ஒரு கை வறுத்த மல்லாட்டையை எடுத்து, ஜன்னலோரம் நின்று கொறித்துவிட்டு, கீழே விழுந்த தொலியையும் பொறுக்கிக்கொண்டு உட்காருவாள்.

ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, இவள் தினமும் வெயிலில் நடந்து போவதைப் பார்த்துவிட்டு, பரீட்சை வரைக்கும் ஆகிற செலவு முழுவதையும் தான் கட்டுவதாகச் சொன்னாளாம். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. ஏனம்மா, நல்ல மனுஷிதானே, என்றேன்.

"நல்லவங்கதான் சார். நல்லவங்ககிட்ட வாங்கினாதான் ரொம்ப கஷ்டம். எப்போ எதிர்ல பார்த்தாலும் சிரிக்கணும்."

கடன் என்ற பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் வேடியப்பன், அப்பா படுக்கையில் கிடந்தபோது பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டில் முந்நூறு ரூபாய் வாங்கினான். ஏழு வருஷம் அந்தக் கழனியில் உழைத்தான். ஒவ்வொரு தையிலும் கணக்குப் பார்க்க இவளையும் கூட்டிக்கொண்டு போவான். எழுதப் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் இவள் நிற்பாள். கடன் சீட்டைக் கையில் கொடுக்க மாட்டார்கள். அதனால் எழுத்தைத் தலைகீழாகவே படிக்கப் பழகிக்கொண்டாள். "ஒரு வருஷம் கோடு போட்டு அடிச்சுட்டோம்னாங்க சார். நானும் பார்த்தேன், அடிச்சிருந்துச்சு. அடுத்த வருஷம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே புதுசா எழுதி வெச்சிருக்காங்க. கேட்டா, அடிச்சது வேற, இது வேறன்றாங்க." டைப் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்ததும் அதனால்தானாம். மிஷினில் அடித்த வரிக்கு நடுவே பிறகு எதையும் நுழைக்க முடியாது, நுழைத்தால் தெரிந்துவிடும். மனிதர்கள் யாரையும் நம்பாத பச்சையம்மாள் என் ஓட்டை ரெமிங்டனை முழுசாக நம்பினாள். யளனக என்ற முதல் பாடத்தை மற்றவர்கள் இரண்டு நாளில் தாண்டிப் போவார்கள். அவள் இரண்டு வாரம் அடித்தாள், ஒரு எழுத்து மங்கினாலும் தாளை உருவி எறிந்துவிட்டு.

இவ்வளவையும் கேட்டு எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம்.

கடன் வாங்கமாட்டாள். இனாம் வாங்கமாட்டாள். மில் கூலி அப்படியே வீட்டுக்குப் போகிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் மாதம் இருபது ரூபாய் எங்கிருந்து வருகிறது? அதுவும் ஏன் எப்போதும் சில்லறையாக வருகிறது? ஒரு தடவை கேட்டேன். "கூலி வூட்டுக்கு சார். பௌர்ணமி படிப்புக்கு" என்றாள். என்னவோ விரதம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு ஜனவரியில் அவள் பணம் கொடுத்துவிட்டுப் போன அன்று, வரவு எழுத ரெஜிஸ்டரை எடுத்தபோது பழைய தேதிகள் கண்ணில் பட்டன. எல்லோரும் ஒன்றாம் தேதியோ ஐந்தாம் தேதியோ கட்டுகிறார்கள். இவள் நவம்பரில் ஆறு, டிசம்பரில் ஏழு, இப்போது ஜனவரியில் ஐந்து. காலண்டரைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பௌர்ணமி முடிந்த கையோடு.

அந்த ஜனவரிப் பணத்தை நான் வரவுகூட எழுதாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி ரேணுகாம்பாள் அதைத் தட்டில் கொட்டியவள் கையை இழுத்துக்கொண்டாள். காசெல்லாம் திருநீறு. சிலதில் குங்குமம் கெட்டியாக ஒட்டியிருந்தது. கற்பூர வாசனை வேறு.

"ஏங்க, இது கோயில் காசுங்க."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? மோந்து பாருங்க. உண்டியல்லயோ தட்டுலயோ கை வெச்சிருக்கா. நம்ம வூட்டுல இது ஒரு ராத்திரி கூட இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சிவன் சொத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று திருவண்ணாமலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சட்டையை மாட்டிக்கொண்டு போய் இருபது ரூபாயையும் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பிப்ரவரியில் மூன்றாம் தேதி மறுபடி அதே திருநீற்றுக் காசு. மறுபடி உண்டியல். மார்ச், ஏப்ரல், அதே கதை. ஆக நான்கு மாதம், எண்பது ரூபாய்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தப்பிக்கலாம்தான், ஆனால் அப்புறம் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அவள் நோட்டில் மாதாமாதம் கையெழுத்துப் போட்டேன். என் ரெஜிஸ்டரில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டேன். சாமிக்குப் போனது சாமிக்கு, எனக்கு வரவேண்டியது எனக்கு இன்னும் வரவில்லை, என்பது என் கணக்கு. ஏப்ரல் கடைசியில் வழக்கம்போல நிலுவைக்காரர்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்தபோது அவள் பெயருக்கு எதிரேயும் 'பாக்கி 80' என்று எழுதினேன். நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்புகிற சமயத்தில் கேட்கலாம், காசு வந்த வழியைச் சொன்னால்தான் விண்ணப்பம் போகும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் நடக்கும் அரசு டைப்ரைட்டிங் பரீட்சைக்கு விண்ணப்பங்கள் மே இரண்டாம் தேதி திங்கட்கிழமை தபாலில் போயாக வேண்டும். பரீட்சைக் கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். அதை முன்கூட்டிக் கட்டும்படி எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். பச்சையம்மாள் மட்டும், "ஞாயித்துக்கெழம சித்ரா பௌர்ணமி சார். திங்கக்கெழம காலைல கொண்டாந்துடறேன்" என்று சொன்னாள். இந்த ஆகஸ்டை விட்டால் அடுத்தது பிப்ரவரி. அதுவரை இன்னும் ஆறு மாத ஃபீஸ் கட்ட வேண்டும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை. மழை பிடித்துக்கொண்டால் பௌர்ணமி போய்விடும், படிப்பும் போய்விடும் என்று அவளுக்குப் பயம். மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்கள், ஆபீஸ்கள் வரும், டைப்பிஸ்ட்டுகளைக் கூப்பிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. "அதுக்குள்ள கையில சர்டிபிகேட் இருக்கணும் சார்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. சித்ரா பௌர்ணமி ஆயிற்றே என்று பிற்பகல் மூன்று மணிக்கு நானும் மலை சுற்றக் கிளம்பினேன். பக்தி பாதி. அன்றைக்கு அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கும் எண்ணம் மீதி. தார் ரோடு காலைச் சுட்டது. வழி நெடுகச் சாமியார்களும் பிச்சைக்காரர்களும் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குப் போட்டுவிட்டு அடுத்தவரைத் தாண்டிப் போக மனசு வராது. கொண்டுபோன இரண்டு ரூபாய்ச் சில்லறை ஆசிரமம் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் கையை மடக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காத மாதிரி நடந்தேன். என்னைப் போலவே முன்னால் பத்துப் பேர் நடந்தார்கள்.

அடி அண்ணாமலை நெருங்கும்போது ஒரு புளியமரத்தடியில் சின்னக் கூட்டம். நடுவில் கோணிப்பை விரித்துப் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஐந்து கொட்டாங்கச்சி. ஐந்து பைசா, பத்து பைசா, இருபது, நாலணா, எட்டணா என்று ஒவ்வொன்றிலும் ஒரு வகைக் காசு. பக்கத்தில் ஒரு தட்டைக் கல். ஆளாளுக்கு ரூபாய் நோட்டையும் இரண்டு ரூபாய் நோட்டையும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு சில்லறையை அள்ளிக் கொடுத்தாள்.

நானும் ஒரு ரூபாயை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"அஞ்சு பைசாவா, பத்து பைசாவா சார்?"

"அஞ்சாகவே கொடும்மா."

என் கையில் எண்ணிப் போட்டாள். எண்ணினேன். பத்தொன்பது இருந்தது.

"ஒண்ணு கொறையுதே?"

"அது என்னுது சார். ரூவாய்க்கு அஞ்சு பைசா."

"எனக்குமா?"

"பீஸுல நீங்க எனக்கு கம்மி பண்ணீங்களா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் என் கண் உள்ளங்கையில் இருந்த காசின் மேல் இருந்தது. திருநீறு. குங்குமம். அதே கற்பூர வாசனை.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சடைச்சாமி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சாமியார் தகர டப்பாவோடு வந்தார். திருநீற்றுப் பையும் காசும் ஒரே டப்பாவில். அதை அவள் முன்னால் கவிழ்த்தார். நாள் முழுதும் விழுந்த சில்லறை. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அரிசிக் கடைக்காரன் எண்ண மாட்டேன் என்பான். அதனால் சாமியார்கள் எல்லோரும் அவளிடம் நோட்டாக மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு ரூபாய் நோட்டுக்கு ஒரு ரூபாய் ஐந்து பைசாச் சில்லறை. நடக்கிறவர்களிடம் ஐந்து, உட்கார்ந்திருப்பவர்களிடம் ஐந்து. நோட்டு அந்தப் பக்கம் போகும், காசு இந்தப் பக்கம் வரும், மறுபடி நடக்கிறவர்கள் கையில் ஏறி மறுபடி டப்பாவில் விழும். "ஒரே காசு ஒரு பௌர்ணமிக்கு மூணு தபா கூட என்கிட்ட வரும் சார். சித்ரா பௌர்ணமிக்கு கணக்கே இல்ல" என்றாள் பச்சையம்மாள், கை வேலையை நிறுத்தாமல்.

சடைச்சாமியின் காசுகளை ஒவ்வொன்றாகத் தட்டைக் கல்லில் போட்டு ஓசை கேட்டாள். நடுவில் ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நடுவில் ஓட்டை போட்ட பழைய காலணா.

"சாமி, போன பௌர்ணமிக்கும் இதே காலணாவதான் குடுத்தீங்க."

"கூட்டத்துல எவனோ போட்டுட்டாம்மா."

"எவனோ போடல. நான் திருப்பிக் குடுத்தத நீங்க பத்திரமா வெச்சிருந்திருக்கீங்க."

சாமி சிரித்துக்கொண்டே காலணாவை வாங்கி இடுப்பில் செருகினார். அடுத்த பௌர்ணமிக்கும் அது வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே உட்காராமல் ஏன் இவ்வளவு தூரத்தில், என்று கேட்டேன். "கோயில்கிட்ட எல்லார் கையிலயும் சில்லறை இருக்கும் சார். ஆசிரமம் தாண்டறதுக்குள்ள தீந்துடும். இங்கதான் தவிப்பாங்க" என்றாள். முதலுக்குப் பணம் யார் கொடுத்தது என்றும் கேட்டேன். எனக்குக் கேட்காமல் இருக்கத் தெரியாதே. மல்லாட்டை பிடுங்கி முடித்த கழனியில் மண்ணுக்குள் தப்பின காய் கொஞ்சம் கிடக்கும். அதை யார் வேண்டுமானாலும் கொத்திப் பொறுக்கிக்கொள்ளலாம். எந்தக் கழனிக்காரரும் தடுக்க மாட்டார். இரண்டு அறுவடைக் காலம் பொறுக்கி விற்று அறுபது ரூபாய் சேர்த்திருக்கிறாள். அந்த நோட்டுகள்தான் முதல். அவற்றைத் தொடவே மாட்டாள். அடுத்த பௌர்ணமிக்கு வேண்டும். லாபம் மட்டும் சில்லறையாக மிஞ்சும். டப்பாக்களில் வரும் நாலணா எட்டணாவை எனக்கென்று ஒதுக்கிவிட்டு, குறைவதற்கு மட்டும் பொடிக் காசைத் தெரிந்த டீக்கடையில் மாற்றிக் கொண்டுவருகிறாள். "சில்லறைக்கு இவ்வளோ தட்டுப்பாடு சார். உங்களுக்கு நான் கமிஷன் இல்லாம தரேன்" என்று வேறு சொன்னாள். இத்தனை நாளும் எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்திருக்கிறாள்.

மீதி தூரத்தை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. கேவலமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ரேணுகாம்பாளிடம் சொன்னேன். "அப்போ அந்த எண்பது ரூவா?" என்றாள் அவள். காலையில் முதல் வேலையாக அந்தச் சிவப்பு எழுத்தை ரப்பர் வைத்து அழித்துவிட வேண்டும், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

காலையில் நான் படியேறும்போது அவள் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மில்லுக்குப் போகவில்லை.

வேறு வழியில்லை. விண்ணப்பத்தை நிரப்ப ரெஜிஸ்டரைத் திறந்தேன். இடது கையால் அந்தக் கட்டத்தை மறைத்துக்கொண்டு அவள் அப்பா பெயரைத் தேடினேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு என் கை எங்கே இருக்கிறது என்பது போதுமானதாக இருந்தது.

"கைய எடுங்க சார்."

எடுத்தேன்.

"செவப்புல என்னா எழுதியிருக்குது?"

தலைகீழாகப் படித்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருநீறு, குங்குமம், என் மனைவி சொன்னது, உண்டியல், எண்பது ரூபாய்.

"அப்போ நான் கோயில் உண்டியல்ல கை வெச்சேன்னு நெனச்சீங்க."

"ஆமாம்மா. தப்புதான்."

"நெனச்சுட்டுப் போங்க. ஊர்ல பாதி பேரு அப்படித்தான் நெனக்கிறாங்க. அதுக்கு நான் என்னா பண்ண முடியும்? ஆனா காச வாங்கிட்டீங்க. என் நோட்டுல கையெழுத்து போட்டீங்க. அப்புறம் பாக்கின்னு எதுக்கு சார் எழுதினீங்க?"

குரல் உயரவில்லை. ஆனால் அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. "என் பேருக்கு நேரா இதுவரைக்கும் ஒரு எடத்துல கூட அந்த எழுத்து இல்ல சார். எங்க அண்ணன் பேருக்கு நேராதான் இருந்துச்சு. நான் நடக்கறதும், வெயில்ல உக்கார்றதும், ஒருத்தன் டீய குடிக்காம இருக்கறதும் எதுக்குன்னு நெனச்சீங்க?"

திருடி என்று நினைத்ததை மன்னிக்கத் தயாராக இருந்தாள். கடன்காரி என்று எழுதியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

சிவப்புப் பென்சில் எழுத்தின் மேல் கோடு போட்டேன். அவள் தலையை ஆட்டினாள். "கோடு வேணாம் சார். கோடு நான் பார்த்திருக்கேன்." ரப்பரை எடுத்தேன். சிவப்பு பரவியதே தவிர எழுத்து போகவில்லை. அந்தப் பக்கத்தையே மாற்றிவிடுகிறேன் என்றேன். முப்பது பேர் பெயர், ஆறு மாதக் கட்டணம், தேதி எல்லாம் இருக்கிற பக்கம்.

"நீங்க எழுத வேணாம். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

மூன்றாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்தாள். ரிப்பனை இழுத்துப் பார்த்தாள். நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். விசைகளைப் பார்க்காமலே விரல்களை ஓட்டினாள். முப்பது பெயர், கட்டம் கட்டமாகத் தொகை, ஒரு பிழை இல்லை. இவளைப் பரீட்சைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தேனே என்று நினைத்தேன். பட்டியலில் இருபத்திரண்டாவது பெயர் அவளுடையது. அது வந்தபோது நான் தொகைகளை மெதுவாகச் சொன்னேன். நவம்பர் இருபது. டிசம்பர் இருபது. ஜனவரி இருபது, பிப்ரவரி இருபது, மார்ச், ஏப்ரல். அவளும் மெதுவாக அடித்தாள். அடித்து முடித்த தாளை ரெஜிஸ்டரில் ஒட்டினேன். பழைய பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி, சுக்கல் சுக்கலாகக் கிழித்து, தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

உண்டியலில் போட்ட எண்பது ரூபாய் என் கையை விட்டுப் போனது போனதுதான். அதோடு அந்தப் பரீட்சைக் கட்டணத்தையும் நானே கட்டிவிடுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணாடிக் கூட்டையும் மைப் புட்டியையும் ஓரமாக நகர்த்தினாள். பரீட்சைக்கு நாற்பத்தைந்து, மே மாத ஃபீஸ் இருபது. மொத்தம் பதின்மூன்று அடுக்கு வர வேண்டும்.

ஆனால் உடனே அடுக்கவில்லை. குப்பைக் கூடையிலிருந்து யாரோ எறிந்த பயிற்சித் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். பையிலிருந்து ஒரு எட்டணாவை எடுத்தாள். முந்தானையின் நுனியால் ஒரு பக்கம் துடைத்தாள், திருப்பி மறுபக்கம் துடைத்தாள். துணியில் வந்த திருநீற்றைத் தாளின் மேல் தட்டினாள். காசைத் தனியாக வைத்தாள். அடுத்த காசு.

"துடைக்க வேண்டாம் பச்சையம்மா" என்றேன்.

நிறுத்தவில்லை. பத்து மணி பேட்ச் பையன்கள் வந்து மிஷின்களில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்கள். கீழே பாத்திரக் கடையில் யாரோ பித்தளைக் குடத்துக்குப் பேரம் பேசினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட காசு. ஒவ்வொன்றையும் துடைத்தாள். குங்குமம் கெட்டியாக ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டினாள். பதின்மூன்று அடுக்கும் பளிச்சென்று நின்றபோது தாளில் ஒரு சிட்டிகை அளவுக்குத் திருநீறும் கொஞ்சம் சிவப்பும் சேர்ந்திருந்தது.

தாளைக் கோயிலில் மடிப்பதுபோல நான்காக மடித்துப் பொட்டலமாக்கி மேசையின் ஓரத்தில் தனியாக வைத்தாள்.

"இது சாமிது. உண்டியல்ல போட்டுடுங்க."

பிறகு நோட்டை விரித்து என் முன்னால் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதின்மூன்று அடுக்கையும் இரண்டு கையாலும் கலையாமல் என் பக்கம் தள்ளினாள்.

"இது என்னுது."

ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினாள். இருபத்திரண்டாவது வரியில் மே மாதக் கட்டத்தின் கீழே விரலை வைத்துக்கொண்டு, நான் எழுதுவதற்காக நின்றாள்.